யூரியா போட்ட கடல்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. இருந்தும் கோவையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்காக மூச்சுத் திணறிய ஒரே மடையன் நான்தான்.

போன சித்திரையில் கைப்பேசிக் காணொளி ஒன்றில் ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிக்குப் பைட்டோபிளாங்டன் என்று பெயராம். வெயிலைத் தின்று, கரியமிலவாயுவைக் குடித்து, உலகில் உண்டாகும் பிராணவாயுவில் பாதியை அதுதான் விடுகிறதாம். செத்தால் உடம்பிலுள்ள கரியைக் கடலடிக்குக் கொண்டுபோய்ப் புதைக்கிறதாம். மேகம் திரள உதவும் வாயுவும் அதன் உபயமாம். கடல் சூடேறி அது அழிந்தால் நம் கதி? கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். பதில் சொன்னால் எவன் பார்ப்பான்?

அறிவுள்ளவன் கைப்பேசியை அணைத்திருப்பான். நான் ஜன்னலைத் திறந்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன்.

பின்வாசலில் மனைவியின் மீன் தொட்டி. மகள் கல்யாணமாகிப் போனபின் அந்த ஆரஞ்சு மீன்களோடுதான் அவள் பேச்சு. என்னைப் போல் அவை எதிர்த்துப் பேசுவதில்லை. தொட்டித் தண்ணீர் லேசாகப் பச்சை பூத்திருந்தது. பாசி! வீட்டுக்குள்ளேயே ஒரு கடல்!

பச்சையைக் கண்டால் கொங்கு மூளைக்கு ஒன்றுதான் தோன்றும். தென்னைக்கு வைத்திருந்த யூரியாவை ஒரு கை அள்ளிப் போட்டேன்.

சில நாளில் தண்ணீர் கீரைக் கடைசலாகிவிட்டது.

"ஏனுங்க, தொட்டிய என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

"பூமிக்கு மூச்சுக் குடுக்கறேன் அம்மணி."

"மொதல்ல அந்தப் போனுக்குக் கொஞ்சம் மூச்சுக் குடுங்க."

மறுநாள் விடிகாலை அவள் போட்ட சத்தத்தில் ஓடினேன். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன.

இந்த வீரன் என்ன செய்தான்? கைப்பேசியில் தேடினான். பாசி பகலில் பிராணவாயுவை விடும். இருட்டியதும் நம்மைப் போல அதுவும் உள்ளே இழுக்கும். பெருகிப்போனால் விடிவதற்குள் தண்ணீரில் மூச்சு காலி. கடலிலும் பாசி விடுவதில் பெரும்பங்கைக் கடலே திரும்ப இழுத்துக்கொள்கிறது. நம் காற்றில் இருப்பது யுகயுகமாய்ச் சேர்ந்தது, நாளைக்கே தீராது. அஞ்ச வேண்டியது கரியமிலவாயுவுக்கும் சூட்டுக்கும். அலறியவர் இதைச் சொல்லவேயில்லை. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"படிச்சது போதும், அண்டாவ எடுத்துட்டு வாய்யா!"

கல்யாணமான நாளிலிருந்து, திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். அன்று அது உதிர்ந்தது. உலகம் அழியப்போகிறது என்று கேட்டபோது ஜன்னலைத்தான் திறந்தேன்; இப்போது கைப்பேசியைப் போட்டுவிட்டு அண்டாவுக்கு ஓடினேன்.

அண்டாவில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து மீன்களை மாற்றினாள். நான் தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று செம்பில் மொண்டு, டீக்கடைக்காரர் ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறும்போது சாய்ந்து கிடந்ததில் ஒன்று வாலை அசைத்தது. மற்றதற்கு உலகம் அழிந்துவிட்டது. தென்னைக்கடியில் புதைத்தேன். கரியைப் புதைப்பதில் என் பங்கு அவ்வளவுதான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இன்னொருக்கா கடலக் காப்பாத்தறேன்னு கெளம்புனீங்கன்னா, உங்களையே தொட்டிக்குள்ள போட்டுருவேனுங்க."

'ங்க' வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.