பத்தொன்பதாவது அறை

என் வீட்டுக்காரரைப் பெட்டியில் வைத்து மூடப்போகும் நேரத்தில், மகள் மாடிக்கு ஓடிப்போய் ஒரு ரயில் எஞ்சினை எடுத்துவந்து அவர் வலது கைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு சாண் நீளமுள்ள பொம்மை டீசல் எஞ்சின். பெட்டிக்குள் ஜெபமாலை வைப்பார்கள், மூக்குக்கண்ணாடி வைப்பார்கள். அதனால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஃபாதர் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, தீர்த்தம் தெளித்தார். அப்பாவுக்குப் பிடித்ததை அப்பாவோடு அனுப்பிவிட்டேன் என்று மகள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

பொம்மை என்று நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ஆவடியில் ராணுவ பாக்டரியில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும் இடமில்லை. ரிட்டயரானபின் நெமிலிச்சேரியில் ரயில்பாதைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டி, மாடி அறை முழுக்கப் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டார். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் நானும் வண்டி ஓட்டுவேன். அவர் பலகைக்கு அடியில் படுத்து ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டே, "பதினாலக் கூப்புடு" என்பார். நான் கண்ட்ரோலரில் ஒன்றையும் நாலையும் அழுத்திக் குமிழைத் திருப்புவேன். பதினாலாம் எண் எஞ்சின் கிளம்பும்.

எஞ்சினுக்குள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சர்க்யூட் இருக்கும். அதுதான் டீகோடர். தண்டவாளத்தில் கரண்டும் ஓடும், கண்ட்ரோலர் சொல்லும் உத்தரவும் அதே கம்பியில் ஓடும். தன் எண்ணைக் கூப்பிட்டால்தான் எஞ்சின் அசையும், அடுத்த எஞ்சினின் எண்ணுக்குச் சும்மா நிற்கும். எனக்குப் புரிவதற்காக அவர் இப்படிச் சொல்வார்: டீகோடருக்குள் நிறைய அறைகள், அறைக்கு ஓர் எண் குடியிருக்கிறது. முதல் அறையில் எஞ்சினின் பெயர். மூன்றாவதில் கிளம்பும் நடை, நாலாவதில் நிற்கும் நடை. மற்றதெல்லாம் உனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த நடைக்காக அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்தார். ஓர் எண்ணைக் கூட்டுவார், ஓட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுக் குறைப்பார். கடைசியில் வந்த நடையை எனக்குச் சொல்லத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். குமிழைத் திருப்பினால் எஞ்சின் பாயாது. மூச்சு இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு கணம் நிற்கும். அப்புறம்தான் சக்கரம் அசையும், அசைவது கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தினாலும் அப்படித்தான். உருண்டு உருண்டு, மனசில்லாமல் நிற்கும். அந்த நடை அவருடையது. படியிறங்கும்போதும் அவர் அப்படித்தான் கடைசிப் படியில் ஒரு கணம் நின்று இறங்குவார்.

வருஷா வருஷம் காலனிக் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் போடும்போது, அதைச் சுற்றி அவருடைய ரயில் ஓடும். முன்னால் பதினாலு, பின்னால் இருபத்தேழு, இரண்டு எஞ்சினும் சேர்ந்து நீளமாகப் பெட்டிகளை இழுக்கும். நான் வைக்கோல் தட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பின் எஞ்சின் பொம்மை ஈச்சமரத்தைத் தாண்டும் நேரம் குமிழைத் திருப்பி அணைப்பேன். முன் எஞ்சின் உருண்டு போய், சரியாகப் பாலனுக்கு நேரே நிற்கும். தானாக நிற்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதுவே சௌகரியமாக இருந்தது.

அவர் போனது மழைக்கு முன்னால். சாவு விழுந்த வீடு என்பதால் இந்த வருஷம் எங்கள் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. ஆனால் குடில் காலனியுடையது. இந்த வருஷமும் ரயில் உண்டா என்று ஃபாதர் கேட்டார். உண்டு என்று தலையாட்டிவிட்டேன். பதினாலு மண்ணுக்குள் போனால் என்ன, இருபத்தேழு இருக்கிறது, அதற்குள் அவர் நடை இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இருபத்தேழு ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டையிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் பார்ப்பவர், கை வேலை தெரிந்தவர். சக்கரத்தைத் துடைத்தார், தண்டவாளத்தைத் துடைத்தார், இரண்டையும் ஏழையும் அழுத்தினார். விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தார், அதுவும் கேட்டது. குமிழை முழுக்கத் திருப்பினார். சக்கரம் அசையவில்லை.

"இன்னா அத்தை இது, பேர் சொல்லிக் கூப்ட்டா கண்ணு முயிக்கிது, கொரல் குடுக்குது. எந்திரிச்சு மட்டும் வர மாட்டேங்குது. மாமா மாதிரியே அடம் புடிக்கிது பாரு."

மகள் அவரை முறைத்தாள். அவர் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, ரீசெட் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். ஏதோ ஓர் அறையில் ஓர் எண்ணை எழுதினால் போதுமாம். எல்லா அறைகளும் துடைக்கப்பட்டு, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரி ஆகிவிடுமாம். பெயர்கூட மூன்று என்று மாறிவிடுமாம்.

நான் மாடி அறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அந்த நடை என்னாகும் என்று மகளை விட்டுக் கேட்டேன். அதுவும் போகும், நாமே வேறு எண் போட்டுக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. பழைய எண்களை முதலில் படித்து வைத்துக்கொள்ளலாமே என்றாள் மகள். எந்த அறைகளை என்று அவர் கேட்டார். அறைகளோ நூற்றுக்கணக்கில். எங்கெங்கே கை வைத்தார் என்று என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார். மகளுக்குக் கல்யாணமானதிலிருந்து அவர் முகம் பார்த்து நான் பேசினதில்லை.

"வேணாம் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "குடிலுக்கு வண்டி வேணுமா வேணாமா அத்தை?"

"வேணும். அவரு ஓட்டுன மாதிரி வேணும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு வரை பார்ப்போம், அப்போதும் ஓடாவிட்டால் ரீசெட்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கீழே போனார்.

அந்த வாரம் முழுக்க மழை. மத்தியானமே விளக்குப் போட வேண்டிய இருட்டு. வேலை முடிந்ததும் மாடிக்குப் போய் இருபத்தேழைக் கூப்பிடுவேன். விளக்கு எரியும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசி நாட்களில் அவரும் அப்படித்தான் கிடந்தார், கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார். நான் விளக்கை அணைத்துவிட்டு இறங்கி வந்துவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம், இரண்டையும் ஏழையும் அழுத்துவதற்குப் பதிலாக ஒன்றையும் நாலையும் அழுத்தினேன். கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை முழு உண்மை என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மண்ணுக்குள் இருப்பதைக் கூப்பிடக் கூடாது என்பதும் தெரியும். முன்னே போகும் பொத்தானை அழுத்திக் குமிழைத் திருப்பினேன்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.

பிறகு இருபத்தேழு நகர்ந்தது. விளக்கில்லாமல். நான் முன்னே போகச் சொல்லியிருக்க, அது பின்பக்கமாக நகர்ந்தது. அந்த நடைதான், சந்தேகமே இல்லை. முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி, ஜன்னலோரம் இருந்த வளைவைச் சுற்றி நான் உட்கார்ந்திருக்கும் பக்கமாக வந்தது. எனக்குக் குமிழை அணைக்கத் தோன்றவே கொஞ்சம் நேரமாயிற்று. அணைத்த பிறகும் அது நிற்கவில்லை. உருண்டு உருண்டு வந்து, என் ஸ்டூலுக்கு நேரே நின்றது. வெளியே நிஜ ரயில் ஒன்று போயிற்று. பலகை அதிர்ந்தது. எஞ்சினும் அதோடு சேர்ந்து லேசாக நடுங்கியது.

மகளிடம் சொல்லவில்லை. மறுநாள் பகல் வெளிச்சத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பதிமூன்றைக் கூப்பிட்டேன், வரவில்லை. பதினைந்தைக் கூப்பிட்டேன், வரவில்லை. இருபத்தேழு என்றேன், விளக்கு மட்டும். பதினாலு என்றதும் வந்தது. உயிரோடிருக்கும் எஞ்சின் தன் பெயருக்கு அசையாமல், புதைத்ததன் பெயருக்கு அசைந்தது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நான் இங்கே குமிழைத் திருப்பும்போதெல்லாம் அங்கேயும் ஒன்று திரும்புகிறதா? பெட்டிக்குள், அவர் கைப் பக்கத்தில்? வெள்ளிக்கிழமை பூ வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மழையில் மண் உள்வாங்கியிருந்தது. மண்ணில் கை வைத்து ஜெபம் சொல்வது என் வழக்கம். அன்றைக்குக் கை வைக்க வரவில்லை. ஏதாவது அதிர்ந்துவிட்டால் என்ன செய்வேன்? பூவை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலப்பன்சாவடியில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். இவரும் அவரும் இந்த ரயில்களைப் பற்றி மணிக்கணக்கில் போனில் பேசுவார்கள். அவரை நான் ஒரு தரமும் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன். நடந்ததை எப்படிச் சொன்னேனோ தெரியாது, நடுவில் இரண்டு தரம் நிறுத்தினேன்.

பெரிய தண்டவாளத்தோடு சேராமல் ஓரமாக ஒரு துண்டுத் தண்டவாளம் இருக்கும், டீகோடரின் அறைகளைப் படிக்கவும் மாற்றவும் அதில்தான் வைக்க வேண்டும். இருபத்தேழை அதில் வைக்கச் சொன்னார். பத்தொன்பதாவது அறையில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். எந்தப் பொத்தான், எதற்கப்புறம் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எஞ்சின் வாயால் பதில் சொல்லாது, உடம்பைச் சின்னதாக வெட்டி இழுத்துத்தான் சொல்லும். ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு வெட்டு. மணிக்கட்டில் நாடி பார்ப்பது போல இருந்தது. திரையில் எண் வந்தது.

"நூத்தி நாப்பத்திரண்டு" என்றேன்.

"அதுல நூத்தி இருபத்தெட்டக் கழிங்க அண்ணி."

கழித்தேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"பதினாலுதானே வருது?" என்றார் அவர். "அண்ணன் ரெண்டையும் ஜோடி போட்டுட்டாரு அண்ணி. பத்தொம்பதாவது அறை அதுக்குத்தான். யாரு கூடச் சேந்து நடக்கணுமோ, அவங்க நம்பர அதுல எழுதறது. எழுதிட்டா இது தன் பேருக்கு வெளக்கு போடும், ஹாரன் அடிக்கும். நடக்குறது மட்டும் அந்தப் பேருக்குத்தான். நூத்தி இருபத்தெட்டு எதுக்குன்னா, முதுகு காட்டி நடக்கணும்னு அர்த்தம். ரெண்டும் முதுகோட முதுகா நின்னு இழுத்துச்சு இல்ல?"

ஆமாம், அப்படித்தான் நின்றன. இரண்டும் ஒன்றாக ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளேயும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார் என்று தெரியாமல், ஜோடியில் ஒன்றை மட்டும் புதைத்துவிட்டோம்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். இங்கே கூப்பிட்டால் அங்கே கேட்குமா?

"தண்டவாளத்த உட்டு ஒரு அடி தாண்டாது அண்ணி. அங்க கரண்டே இல்லியே." குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரீசெட் எல்லாம் வேண்டாம், அந்த ஓர் அறையில் பூஜ்யம் எழுதினால் போதும் என்றார். எஞ்சின் தன் பெயருக்கே திரும்பிவிடும், நடையில் ஒரு எண்கூட மாறாது.

போனை வைத்துவிட்டுப் பூஜ்யத்தை அழுத்தினேன். திரையில் பூஜ்யம் தெரிந்தது. எழுதட்டுமா என்று கண்ட்ரோலர் கேட்டது. எழுது என்று இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நடைக்காகத்தானே மாப்பிள்ளையைத் தடுத்தேன்? அந்த நடை பத்திரம் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் இந்த அறையில் இருப்பதும் அவர் கையால் எழுதியதுதானே. நான் அழுத்தவில்லை. கண்ட்ரோலரை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்ததும், வண்டி ஓடுகிறது என்று சொல்லிப் பதினாலைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளக்கில்லாமல் அது முதுகு காட்டி அவரை நோக்கி வந்தது. அவர் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சிநேகிதர் சொன்னதையெல்லாம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனாலும் கண்ட்ரோலரை நீட்டியபோது வாங்கவில்லை.

"இத்த நீங்களே ஓட்டிக்கங்க அத்தை. உங்க பேச்சுக்குத்தான் வருது."

கிறிஸ்துமஸ் அன்று சாயந்தரம் குடிலைச் சுற்றிக் காலனி ஜனம் நின்றது. இருபத்தேழை எப்போதும் நிற்கிற மாதிரியே வைத்தேன், முகம் பெட்டிகளைப் பார்த்து, முதுகு முன்னால். தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பதினாலைக் கூப்பிட்டேன். மூச்சு இழுத்துக்கொண்டது. கிளம்பியது. விளக்கு எங்கே என்று யாரோ கேட்டார்கள். முன் விளக்கு எப்போதும் பதினாலில்தான் எரியும், அது அவரிடம் இருக்கிறது.

சுற்றி வந்து ஈச்சமரத்தைத் தாண்டியதும், எப்போதும் போலக் குமிழை அணைத்தேன். உருண்டு உருண்டு நின்றது. பாலனுக்கு நேரே வரவில்லை. ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் இன்னோர் எஞ்சின் நிற்கும் அளவுக்குத் தண்டவாளம் காலியாகக் கிடந்தது, தொழுவத்து விளக்கில் பளபளத்துக்கொண்டு.

ஃபாதர் தட்டியின் இந்தப் பக்கம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் முன்னால விடலாமே அம்மா" என்றார்.

"இல்ல ஃபாதர்" என்றேன். "சரியாத்தான் நிக்குது."