அண்ணாவுக்குக் கொடுத்த சீனத்துச் சைக்கிள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களே, நண்பர்களே, அண்ணா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்று கலண்டர் சொல்கிறது. நான் இன்னும் நம்பவில்லை. காலையில் என்னோடு தொலைபேசியில் கதைத்து, "சரி பிள்ளை, வைக்கிறன், கையெல்லாம் கிறீஸ்" என்று சொன்ன மனிதர் மத்தியானம் இல்லை. சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், என் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற எனக்கு அண்ணி அழைத்துச் சொன்னபோது, "ஆரின்ர அண்ணா?" என்று கேட்டேனாம். பிறகு அண்ணி சொல்லித்தான் அது எனக்கே தெரியும். நோய் இல்லை, நொடி இல்லை. மெல்பேர்ண் வீட்டுக் கராஜில், ஒரு சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தபடியே இதயம் நின்றுவிட்டது.

அண்ணா பிறந்தது கொடிகாமத்தில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக. அப்பா கூட்டுறவுக் கடையில் மனேச்சர். அவரிடம் இருந்தது ஒரு சீனத்துச் சைக்கிள். அந்த நாளில் இங்கிலாந்துச் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குத்தான் மதிப்பு. சீனத்துச் சைக்கிள் என்றால், "பாவம், வசதி அவ்வளவுதான்" என்று ஊர் விளங்கிக்கொள்ளும். அண்ணா அதில் பள்ளிக்கூடம் போய்ப் பட்ட நக்கல் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு சண்டை வந்தது, பெற்றோல் இல்லாமல் போனது, அப்பாவும் போனார். இடம்பெயர்ந்த நேரம் அம்மாவைப் பின் கரியரிலும் என்னை முன் பாரிலும் இருத்தி, அந்தச் சைக்கிளில்தான் அண்ணா எங்களைக் கொண்டுபோனார். கட்டாயத்துக்கு உழக்கிய உழக்கு அது. அவுஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கியதும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "இனிச் சீவியத்தில சைக்கிளில ஏறமாட்டன்."

இங்கே அவர் பட்ட பாட்டை இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் படிப்பு, பிறகு ரயில் பெட்டிகள் திருத்தும் இடத்தில் பொறியியலாளர். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டெடுத்தவர் அவர்தான். கோபக்காரர், ஆனால் கோபம் வந்த அன்றைக்கே உங்கள் வீட்டுக் குழாயைத் திருத்தித் தந்துவிட்டும் போவார். ஏசிப் பேசிக்கொண்டே திருத்துவார், அதுதான் தாங்க முடியாது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் அழைத்து, "பிள்ளை, அப்பான்ர சைக்கிள் ஞாபகமிருக்கே? அச்சொட்டா அதே சைக்கிளை இஞ்ச ஒரு வெள்ளைக்காரி ஓடுறா!" என்றார்.

"பாவம், கார் வாங்க வசதியில்லையாக்கும்."

"அவ பல் டொக்டரடி!"

கடற்கரைப் பாதையில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அண்ணா மறித்து, நடுப்பாதையில் சைக்கிளைக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறார். அவர் பெயர் ஜில். பழைய மாதிரிச் சைக்கிள்களில் பைத்தியமான ஒரு கூட்டம் மெல்பேர்ணில் இருந்தது. ஜில் அதில் ஒருவர். அடுத்த மாதம் அண்ணாவும் ஒருவர். சைக்கிளில் ஏறமாட்டன் என்று சத்தியம் பண்ணிய மனிதரின் கராஜில் கார் நிற்க இடமில்லாமல் போனது. அண்ணி காரை வெயிலில் விட்டுவிட்டு எனக்குப் போன் எடுத்துக் குறை சொல்லுவா. நானும் அண்ணாவுக்கு மண்டை பிசகிவிட்டதென்றே நினைத்தேன்.

இறுதிக் கிரியை நாளில்தான் முதல் அதிர்ச்சி. மண்டப வாசலில் நாங்கள் வெள்ளையும் வேட்டியுமாக நிற்கிறோம், ஒழுங்கையால் வரிசையாகக் கறுத்தச் சைக்கிள்கள் வருகின்றன. ஆண்கள் கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியும் தட்டைத் தொப்பியும். பெண்கள் நீளப் பாவாடை. ஒருவராவது அவசரப்படவில்லை. எல்லாரும் நிமிர்ந்து இருந்து, மெதுவாக உழக்கி வந்து, இறங்கி, இரட்டைக் கால் ஸ்டாண்டில் சைக்கிள்களை ஒரே கோட்டில் நிறுத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நின்ற எங்கள் சித்தப்பா என் காதுக்குள், "உதென்ன பிள்ளை, செத்தவீட்டில மாறுவேடப் போட்டியே?" என்றார்.

கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசையில் வந்து, ஒவ்வொருவராக அண்ணாவின் காலடியில் நின்று அழுதார்கள். வெள்ளைக்காரர் அப்படி விக்கி அழுது நான் பார்த்ததில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது ஜில்லிடம் கேட்டே விட்டேன், நாங்கள் வேறு வழியில்லாமல் ஓடிய இந்தச் சைக்கிளில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று. அவர் சிரித்தார். தன் தாத்தா ஓடியது இதே மாதிரிச் சைக்கிள்தானாம், இங்கிலாந்தில் செய்தது. பிறகு அங்கே அந்தத் தொழிற்சாலைகள் மூடுண்டன, இல்லாவிட்டால் பாரம் குறைந்த புது மாதிரிகளுக்கு மாறின. சீனாவில் மாற்றவே இல்லை. அதே கறுப்புப் பூச்சு, அதே தங்கக் கோடு, வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கிற பிரேக், செயின் முழுக்க மூடிய பெட்டி, ஸ்பிரிங் சீற். "மற்றவர்கள் பழைய சைக்கிளைத் தேடி அலைகிறார்கள். எங்களுக்குப் பழைய சைக்கிள் புதிதாகவே கிடைக்கிறது," என்றார். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டாம். பெட்டியில் வரும்போது நட்டுகள் இறுகியிராது, பெயரிங்கில் கிறீஸ் இராது. ஒருக்கால் முழுதாகக் கழற்றிப் பூட்டினால்தான் அது சைக்கிள். அந்தக் கழற்றிப் பூட்டலை அவர்கள் எல்லாருக்கும் செய்து கொடுத்தது அண்ணா. பேசிப் பேசித்தான் செய்வாராம். "தமிழில் என்ன பேசுவார் என்று தெரியாது, ஆனால் எங்களைத்தான் ஏசுகிறார் என்று தெரியும்," என்று ஜில் சொன்னபோது நான் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

ஊரில் எங்களைத் தலைகுனிய வைத்த சாமான், இங்கே அண்ணாவுக்கு இத்தனை பேரைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. நான் அன்று இரவு முழுவதும் இதையே அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது முப்பத்தோராம் நாள். அன்றைக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையில் தானம் கொடுக்கும் முறை உங்களுக்குத் தெரியும். போகிறவரின் பாதை நீளமானது, ஒரு வருடப் பயணம் என்பார்கள். அதற்காகச் செருப்பு, பாய், செம்பு என்று குருக்களிடம் கொடுப்போம். எல்லாம் எடுத்து வைத்திருந்த நேரம் சித்தப்பா கராஜுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சைக்கிள், கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு. "அவனுக்குச் சைக்கிளெண்டால் உயிர். குடுக்கிறதெண்டால் திறமானதைக் குடுக்கோணும்," என்றார். எங்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. குருக்கள் கொஞ்சம் யோசித்தார்தான், ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். நீர் வார்த்துக் கொடுத்தோம்.

ஒரு கிழமைக்குப் பிறகு, நான் இன்னும் மெல்பேர்ணில் அண்ணியோடுதான் இருக்கிறேன், கென் என்றொரு வயதான மனிதர் பூக்களோடு வந்தார். அண்ணாவின் சைக்கிள் நண்பர். இங்கிலாந்தில் மகள் வீட்டில் நின்றதால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லையாம். அழுதார், தேத்தண்ணி குடித்தார், பிறகு தயங்கித் தயங்கி, "அவசரமில்லை. ஆனால் என் சைக்கிளை இன்றைக்கு எடுத்துப் போகலாமா?" என்று கேட்டார்.

இளமையில் சீனாவில் ஆங்கிலம் படிப்பிக்கப் போனபோது வாங்கிய சைக்கிளாம். ரூத் என்ற பெண்ணை அதன் கரியரில் ஏற்றித் திரிந்து, பிறகு கலியாணம் முடித்து, கப்பலில் சைக்கிளையும் கொண்டுவந்தவர். ரூத் இப்போது இல்லை. கறள் பிடித்துக் கிடந்ததை அண்ணாதான் குளிர்காலம் முழுக்க இருந்து மீட்டிருக்கிறார். முடிந்துவிட்டது, வந்து எடுங்கள் என்று சொல்லியும் இருக்கிறார். கென் கைப்பேசியில் படத்தைக் காட்டினார். சித்தப்பா உருட்டிக்கொண்டு வந்த அதே சைக்கிள்.

அண்ணியின் முகத்தில் இரத்தமே இல்லை. சித்தப்பாவுக்குச் சொன்னபோது அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "அடுத்தவன்ர பொருளையெல்லே தானம் குடுத்திட்டன். திருப்பிக் கேக்கவும் ஏலாது. பாவம் எனக்கு வந்தாப் பரவாயில்லை, போற வழியில அவனையெல்லே பிடிக்கப்போகுது!"

கென்னுக்கு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவருக்கும் திகைப்புத்தான், ஆனால் கோபிக்கவில்லை. கேரம் டவுன்ஸ் பக்கத்தில் இருக்கும் குருக்கள் வீட்டுக்குக் கென், சித்தப்பா, நான் என்று மூவரும் போனோம்.

குருக்கள் கேட்டார், கண்ணை மூடினார், திறந்தார். "தனக்குச் சொந்தமில்லாத பொருளை ஆரும் தானம் குடுக்கேலாது, பாருங்கோ. அப்ப அது தானமே இல்லை. நான் வாங்கினதாகவும் இல்லை. அவரைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ," என்றார். கராஜைத் திறந்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றது. கென் போய் அதன் சீற்றில் கையை வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் சித்தப்பா கேட்டார். "அப்ப ஐயா, அவன் இவ்வளவு நாளும் நடந்தே போறான்?"

கென் என்னைப் பார்த்தார், என்ன கேட்கிறார் என்று. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படித்த, பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிற நான், ஒரு வெள்ளைக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். சைக்கிள் உங்களுடையது என்பதால் அது அண்ணாவுக்குப் போய்ச் சேரவில்லை, அவர் நடந்து போகிறாராம் என்று.

கென் திடுக்கிட்டார். "நடந்தா? அந்த முழங்காலோடா?"

எந்த முழங்கால் என்று கேட்டேன். வலது முழங்கால், என்றார். சில வருடங்களாகவே நடந்தால் அண்ணாவுக்கு வலி தாங்காதாம். சைக்கிளில் மட்டும் நோகாதாம். அதனால்தான் அவர் சைக்கிள் ஓடத் தொடங்கினாராம். "உங்களுக்குச் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, அண்ணிக்கும் சொல்லவில்லை. எல்லாருடைய குழாயையும் திருத்திக்கொண்டு திரிந்த மனிதர் தன் காலைப் பற்றி வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. சைக்கிள் பைத்தியம் என்று நான் பரிகசித்ததெல்லாம் நினைவுக்கு வந்து, அந்தக் கராஜில் நின்று வாய்விட்டு அழுதேன்.

கென் நிறைய நேரம் யோசிக்கவில்லை. "இது என்னுடையதுதானே? அப்படியென்றால் நான் கொடுக்கலாம்தானே? கேட்டுச் சொல்லுங்கள்," என்றார்.

குருக்களே ஒரு கணம் அசந்துபோனார். பிறகு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தார். "மனசு முழுக்கச் சம்மதம் எண்டால் எனக்குத் தடையில்லை. கையை நீட்டச் சொல்லுங்கோ." கென் கையை நீட்டினார். ரூத்தை ஏற்றித் திரிந்த சைக்கிளை, அண்ணாவின் பெயர் சொல்லி, நீர் வார்த்துக் கொடுத்தார். சித்தப்பா அவர் காலில் விழப் போய்விட்டார். நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

அன்றைய பேரிடியில் எங்களைத் தாங்கிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சிட்னியிலிருந்து வாகனம் ஓட்டி வந்த உறவுகளுக்கும், மாதக்கணக்கில் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், அண்ணாவோடு வேலை செய்தவர்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த குருக்களுக்கும், கறுத்தச் சைக்கிள்களில் வந்து நின்ற அந்த நண்பர்களுக்கும் கைகூப்புகிறோம். கென்னுக்கு மட்டும் என்ன சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி, அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். காரில் ஏறியவர் இறங்கி வந்தார். முகம் முழுக்கக் கவலை. "ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கம்பி பிரேக் ஈரத்தில் சுத்தமாகப் பிடிக்காது. அவர் போகிற பாதையில் மழை பெய்யுமா?"

புராணத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்கு எங்கே தெரியும்? ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இல்லை கென், அங்கே மழையே கிடையாது."

அவர் ஒரு பெரிய மூச்சை விட்டார். நானும் விட்டேன்.