பொப்பி ஏன் கடித்தது

பேசாலைக் கடற்கரையோரம் குடியிருக்கும் அன்ரோனெற்றின் நாய் பொப்பி மூன்றாவது ஆளையும் கடித்துவிட்டது. இந்த முறை அகப்பட்டவர் தபால்காரர் அந்தோனிமுத்து. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மனுசனின் கெண்டைக்காலில் பல் ஆழமாகவே இறங்கியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்த அன்ரோனெற்றுக்குச் செய்தி வந்தது. பின்னாலேயே ஊருக்குப் பொறுப்பான விதானையாரும் வந்தார்.

"தங்கச்சி, சனம் பெட்டிசம் எழுதித் தந்திட்டுதுகள். இந்த மாதம் முடியிறதுக்குள்ள நாய்க்கு ஒரு முடிவு எடுங்கோ. இல்லாட்டி அவங்களே எடுப்பாங்கள்."

அது என்ன முடிவென்று அவளுக்குத் தெரியும். இறைச்சித் துண்டுக்குள் நஞ்சு வைத்து எறிந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விறகுக்கட்டையைத்தான் எடுத்தாள். "உனக்கென்ன விசரோ? என்னை இந்த ஊரில இருக்க விடமாட்டியோ?" என்று கத்திக்கொண்டு ஓங்கி அடித்தாள். பொப்பி ஓடவில்லை, உறுமவும் இல்லை. மணலோடு மணலாய் ஒட்டிக் கிடந்து மூத்திரம் போனது. இரண்டாவது அடிக்கு அவளுடைய கை எழும்பவில்லை. கட்டையை எறிந்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்து அழுதாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சுவிடும் உயிர் அது ஒன்றுதான்.

அடுத்த கிழமை சனசமூக நிலையத்தில் நாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போட்டார்கள். பொப்பியின் வாயைத் துணியால் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற சனம் ஒதுங்கி வழிவிட்டது. மிருக வைத்தியராக வந்திருந்த ரிஸ்னாவுக்கு முப்பது வயதுகூட இராது. அவர் நாயைத் தொடப் போகவில்லை. சற்றுத் தள்ளிக் குந்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"எப்ப இருந்து அக்கா இப்பிடி?"

"என்ரை மனுசன்ரை வள்ளம் கவிண்டு கிடந்து எடுத்த நாளில இருந்து, டொக்டர்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு மாதத்துக்கு முன்பு, அவளுடைய புருசன் ஜெராட் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் படலையைத் தள்ளிக்கொண்டு ஆம்பிளைகள் வந்தார்கள். நாலு நாள் முற்றம் நிறையச் சனம், ஒப்பாரி. நாயை முருங்கையில் கட்டிவிட்டார்கள். குரைத்ததற்கு யாரோ தடியால் அடித்தார்கள். தண்ணி வைத்தார்களோ என்று அவளுக்கு நினைவில்லை.

"எல்லாரும் கொழுப்பெண்டு சொல்லினம்."

"கொழுப்பில்லை அக்கா, பயம். வாலைப் பாருங்கோ, வயித்தோட ஒட்டிக்கிடக்கு. கடிக்க முதல் கொட்டாவி விட்டிருக்கும், நாக்கால மூக்கை நக்கியிருக்கும், முகத்தைத் திருப்பியிருக்கும். கிட்ட வராதேங்கோ எண்டு கெஞ்சுறது அதுதான். ஒருத்தருக்கும் விளங்காட்டிக் கடைசியாத்தான் பல்லு."

"நான் அடிச்சுப்போட்டன்."

"இனி அடிக்காதேங்கோ. ஆள் வந்தால் அடியும் விழும் எண்டுதான் அது படிக்கும்."

"மாறுமோ?"

ரிஸ்னா ஊசிக்குள் மருந்தை ஏற்றினார். "கனகாலம் எடுக்கும். முழுக்க மாறும் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. இப்போதைக்கு அதுக்குக் கிட்ட ஆள் போகாமல் பாருங்கோ."

இரண்டு நாள் கழித்துப் படலை கிறீச்சிட்டது. அடுக்களையில் நின்ற அன்ரோனெற்றின் கை அரிவாளோடு அப்படியே நின்றது. கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வந்தது பக்கத்து வீட்டு ஆடு. திரும்பிப் பார்த்தாள். மூலையில் பொப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் வந்த அந்த விடியலுக்குப் பிறகு யார் படலையைத் தொட்டாலும் தனக்கு இப்படித்தான் ஆகிறது என்பதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பழைய வலையைக் கொண்டு முற்றத்துக்குள் இன்னொரு வேலி போட்டாள். கடிதம் போட ஒரு தகரப்பேணியை வெளியே கட்டினாள். அந்தோனிமுத்துவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, நாய் ஆளுக்குப் பயப்படாமல் பழக, தூர நின்றே அதற்கு ஒரு கருவாட்டுத் துண்டு எறிவீர்களா என்றும் கேட்டுப் பார்த்தாள்.

"உங்கடை நாய்க்குத் தீன் எறியவோ எனக்குச் சம்பளம் தருகினம்? கடிதத்தைக் கடையில குடுக்கிறன், அங்க எடுங்கோ" என்றார் அவர்.

ஜெராட்டின் ஆண்டுத்திவசம் நெருங்கியது. அவருடைய தங்கச்சி டிலானி செபத்தை வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று நின்றாள். அறுபது பேர் வருவார்கள்.

"நாயை எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ, மச்சாள்."

"ஒருத்தரும் வைச்சிருக்கமாட்டம் எண்டுதானே சொல்லினம்."

"அப்ப கட்டிவையுங்கோ."

"முந்தியும் கட்டித்தானே இப்பிடி ஆனது."

"என்ரை அண்ணன்ரை திவசத்தைவிட உங்களுக்கு நாயோ பெரிசு?"



திவசத்தன்று பின்நேரம் அன்ரோனெற் சோறு கறி எல்லாம் ஆக்கி இறக்கினாள். படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி ஏற்றினாள். வீட்டுத் திறப்பை டிலானியின் கையில் கொடுத்துவிட்டு, பொப்பியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடந்தாள். டிலானி பின்னால் கூப்பிட்டது கேட்டது. அவள் நிற்கவில்லை.

பனைகளுக்கு அப்பால், ஆள் இல்லாத இடத்தில் மணலில் இருந்தாள். ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள் போலும், காற்று வீசும்போதெல்லாம் செபம் துண்டு துண்டாய் வந்தது. மரித்தவர்களுக்கான மன்றாட்டில் ஜெராட்டின் பேரைச் சொன்னார்கள். உடல் கிடைக்காத மனுசனை இறந்தவர் என்று அவள் இதுவரை வாயால் சொன்னதில்லை. பூசையில்கூட அந்த இடத்தில் பேசாமல் நிற்பாள். இப்போது மறுமொழியைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அழுகை பெருங்குரலாக வெடித்தது. பொப்பி மிரண்டு கயிறு எட்டும் தூரத்துக்கு ஓடி நின்றது. அவள் இழுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அதுவாகவே வந்து, முதுகை அவளுடைய காலில் சாய்த்துப் படுத்தது.

புருசனின் திவசத்துக்கு இல்லாமல் போன பெண்சாதி என்று ஊர் பேசியது. டிலானி இன்னும் கதைப்பதில்லை. விதானையார் வலை வேலியையும் தடுப்பூசி போட்ட துண்டையும் பார்த்துவிட்டு, "இன்னொருக்கால் கடிச்சால் என்னட்டை வராதேங்கோ" என்று பெட்டிசத்தை மடித்து வைத்தார்.

நாலு மாதமாகப் பொப்பி யாரையும் கடிக்கவில்லை. கடிப்பதற்கு யாரும் அந்த வீட்டுக்கு வருவதும் இல்லை. அன்ரோனெற் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் வேலி நெடுக நடந்து, யாராவது இறைச்சித் துண்டு எதையாவது எறிந்திருக்கிறார்களா என்று குனிந்து குனிந்து பார்க்கிறாள். உலையில் அரிசி கொதிக்கும்போதும் நினைவு அங்கேயேதான். மணி அடித்ததும் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொள்ளாமலே வீட்டை நோக்கி ஓடுகிறாள்.