பக்கத்து சீட்டு

போன செவ்வாய்க்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன்... ஆபீஸ் உதவியாளர் வந்து நின்றார்.

“மேடம், ஒரு அம்மா தேடிகினு வந்திருக்காங்க. பேர் தெரியலையாம். ஒசரமா, கண்ணாடி போட்டுகினு, உளுந்தூர்பேட்டை பஸ்ல வருவாங்கன்னு சொல்றாங்க.”

வாசலில் நீல யூனிஃபார்ம் புடவையில் அவள்!

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நான் தினமும் வந்துபோன காலத்தில், வழியில் எலவனாசூர்கோட்டையில் ஏறுவாள். ஒரு நர்சிங் ஹோமில் துப்புரவு வேலை. பக்கத்து சீட்டில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பேன். உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். கள்ளக்குறிச்சி வந்ததும் எழுப்புவேன். நாலு வருஷம் இப்படி... பேர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

மூன்று மாதம் முன்பு, ஆபீஸ் பக்கமே ஓர் அறைக்கு மாறிவிட்டேன். கணவர் இல்லை, மகன் பெங்களூரில். சம்பளத்தில் நல்ல பங்கு வாடகைக்குப் போகிறது. போகட்டும், தினம் இரண்டரை மணி நேரம் மிச்சம் — லாபம்தானே?

அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல்... கதவைத் தட்ட ஆளில்லை.

“இன்னாக்கா, மூணு மாசமா காணோம்? ஒடம்பு கிடம்பு முடியலையோன்னு பயந்துட்டேன். கவர்மென்ட் ஆபீஸ்னு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஆபீஸா கேட்டுகினு வரேன்.”

விஷயத்தைச் சொன்னேன்.

“நல்லதுதான். ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருப்பதாகவே தோன்றவில்லையே எனக்கு! கணவர் போன பிறகு இன்னொரு உயிரின் சூடு என்மேல் பட்டது அந்த பஸ்ஸில் மட்டும்தான்... அதுவும் அப்போதுதான் உறைத்தது.

பேர் கேட்டேன். சரசு.

சாயங்காலம் அறைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் சரசு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஊருக்காக்கா?”

“இல்ல, உங்க ஊர் வரைக்கும். அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்.”

காரணம் கேட்கவில்லை. அன்றைக்குத் தூங்கவும் இல்லை. மகளின் படிப்பு, மாமியாரின் முழங்கால், கன்று போட்ட மாடு... இறங்கும் வரை பேச்சுதான்.

திரும்பும் பஸ்ஸில் தனியாகத்தான் வந்தேன். வாரம் இரண்டு நாள் இப்படிப் போய்வரலாம் என்றிருக்கிறேன்.

மகனிடம் மட்டும் சொல்லவில்லை — ‘எதுக்கும்மா இந்த வெட்டி அலைச்சல்?’ என்பான்!