கோழி தைத்த ஏப்ரன்

பிரிஸ்கா கங்வாவைப் பற்றி எங்கள் செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷியாவில் இரண்டு பேச்சு உண்டு. எங்கள் தெருவில் கேட்டால் காட்டிக்கொடுத்தவள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் நன்றி கெட்டவள் என்பார்கள். இரண்டும் பொய். நான் அவள் பக்கத்து வீட்டுக்காரன். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவளை யாரும் பிரிஸ்கா என்று கூப்பிடுவதில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்த அன்றே தாயின் பேர் போய்விடும். மகள் மலாமா, ஆகவே அவள் பனா மலாமா, மலாமாவின் அம்மா. புருஷன் காங்கோ பக்கம் லாரி ஓட்டப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் மார்க்கெட் வாசலில் அடுப்பு வைத்து வித்தும்புவா பொரிக்க ஆரம்பித்தாள். மாவு உருண்டையை எண்ணெயில் போட்டு எடுக்கிற வேலைதான், யாரும் செய்யலாம். ஆனால் அவளுக்கு வாய் இருந்தது. பாதிப் பேர் அந்த வாய்க்காகவே வாங்க வந்தார்கள்.

சுரங்கம் பாதி மூடியபோது தொழிலாளர் கிளப்பும் மூடியது. சாவி என்னிடம் இருந்தது. ஒரு நாள் பனா மலாமா வந்து நின்றாள். கூட, ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பெண். ஐரீன் சூங்கு என்று பேர், தலைநகர் லுசாகாவில் மாண்டிசோரி பயிற்சி முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள்.

"தலைவரே, கிளப் சாவிய குடுங்க. பள்ளிக்கூடம் வைக்கப் போறோம்."

"உள்ள எலியும் பில்லியர்ட்ஸ் மேஜையும்தான் இருக்கு."

"எலிய நாங்க பாத்துக்கறோம். மேஜைய அறுத்துக்கறோம்."

சொன்னபடியே அறுத்தார்கள். அறுத்தவன் பஷி லோம்பே, அதாவது லோம்பேயின் அப்பன். சுரங்கத்துக்குள்ளே கூரை சரியாமல் மரத்தூண் நிறுத்துகிற வேலை அவனுக்கு. அந்த மேஜைக் கட்டையில்தான் பெரிசு முதல் சிறிசு வரை கனசதுரங்கள் இழைத்து, இளஞ்சிவப்புச் சாயம் பூசி, பிள்ளைகள் அடுக்குகிற கோபுரம் செய்துகொடுத்தான். மேஜை மேல் இருந்த பச்சைத் துணியைப் பனா மலாமா வெட்டி விரிப்பாகத் தைத்தாள். பிள்ளை விரிப்பை விரித்து வேலை செய்யும், முடிந்ததும் சாமானை எடுத்த இடத்தில் வைத்து விரிப்பைச் சுருட்டும். இறக்குமதிச் சாமான் ஒன்றுகூட அங்கே கிடையாது. எல்லாம் தெருவின் கைவேலை.

பிள்ளை சேர்ப்பதுதான் பெரிய பாடு. வீடு வீடாக அவள்தான் போனாள். பனா சம்பா என்று ஒருத்தி, சிரித்தே விரட்டினாள்.

"தண்ணிய ஒரு ஜக்குலேர்ந்து இன்னொரு ஜக்குக்கு ஊத்தறதுக்கு ஃபீஸா? எங்க குழாயடிக்கு அனுப்பு, நாள் பூரா ஊத்தட்டும். காசே வேணாம்."

"உன் வீட்டுக்காரன் இத்தன வருஷமா பீர் ஊத்தறான், ஒரு நாளாவது சிந்தாம ஊத்தியிருக்கானா? என் பொண்ணு ஊத்துவா. வந்து பாரு."

வந்து பார்த்தாள். பார்ப்பதற்கென்று சுவரோரம் ஒரு குட்டை நாற்காலி உண்டு. பெற்றவர்கள் முறை வைத்து அதில் ஒரு காலை முழுக்க உட்காரலாம். ஒரே விதி, வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளை வேலையில் இருக்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. பனா மலாமா எல்லாத் தாய்மாருக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே பழக்கினாள்: "கையும் வாயும் மடியில இருக்கட்டும்." அவள் வாயே மடியில் இருப்பதைப் பார்க்க நாங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம்.

முதல் கூட்டத்தில் டீச்சர் ஐரீன் ஒரு வாக்குக் கொடுத்தாள். "பணம் முடிஞ்சவங்க பணம் குடுங்க. முடியாதவங்க சனிக்கிழமை கை குடுங்க. கை குடுக்கற வீட்டுப் பிள்ளைய நான் வெளிய அனுப்ப மாட்டேன்." இந்த வாக்கை ஒவ்வொரு வாசலுக்கும் சுமந்து போனவள் பனா மலாமா. ஐரீன் முகத்தைப் பார்த்து யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. இவள் முகத்தைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை என்றால் திருவிழா. ஒருவர் வெள்ளையடிப்பார், ஒருவர் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவார், ஒருவர் வேர்க்கடலை மூட்டையோடு வருவார். பனா மலாமா பெண்கள் இடுப்பில் சுற்றுகிற பழைய சித்தெங்கே துணியில் பிள்ளைக்கொரு ஏப்ரன் தைத்தாள். எழுத்துத் தெரியாத வயசு, ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு படம். மலாமாவுக்கு மீன். லோம்பேக்குக் கோழி, அவன் கேட்டு வாங்கியது. "கொண்டை பெரிசா வேணும்" என்று இரண்டு முறை பிரிக்க வைத்தான்.

இப்படி ஒன்றிரண்டு வருஷம் போனது. பள்ளிக்குப் பேர் வந்தது. பேர் வந்ததும் சின்யாமா வந்தார்.

சுரங்கத்துக்கு இயந்திரம் சப்ளை செய்கிற ஆள், பக்கத்து நகரம் கிட்வேயில் மாளிகை. அவரும் அவர் கூட்டாளிகளும் புதுக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: பள்ளிக் குடும்பங்கள் எல்லாம், ஒன்று விடாமல், குறித்த தொகையைக் கொடுத்திருக்க வேண்டும்.

"ஊர்க்காரங்களே நம்பாத பள்ளிக்கூடத்த நாங்க எப்படி நம்பறது?" என்றார் சின்யாமா. "நூத்துக்கு நூறு வீடு. அதுதான் எங்களுக்குக் கணக்கு."

பனா மலாமா எழுந்தாள். "சனிக்கிழமை வேலை செய்யறோமே, அது?"

"அது அன்பும்மா. ரொம்பச் சந்தோஷம். ஆனா அன்பை நான் என் கூட்டாளிங்ககிட்ட காட்ட முடியாதே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கூட்டத்தைச் சிரிக்க வைத்து ஒரு கேள்வியைத் தள்ளிவிடுகிற முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஐரீன் மார்க்கெட் வாசலுக்கு, பனா மலாமாவின் அடுப்புக்கே வந்தாள். கல் மேல் உட்கார்ந்து வித்தும்புவா வாங்கித் தின்றாள். நான் பக்கத்தில் டீக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பனா மலாமா, வீடு வீடா உள்ள போய் வர்றவ நீதான். நெஜமாவே முடியாதவங்க யாரு? எனக்கு மட்டும் சொல்லு. அவங்க பங்க நான் வேற வழியில சரிகட்டறேன். அவங்க காதுக்கே போகாது."

"அவங்க மானம் போகக் கூடாது டீச்சர்."

"நான் உன் அக்கா மாதிரி இல்லையா?"

அவள் மூன்று வீட்டைச் சொன்னாள். ஒரு வீட்டில் நோயாளி. ஒரு வீட்டில் தையல் மெஷினை விற்றாகிவிட்டது. மூன்றாவது பஷி லோம்பே. அவனை வேலையிலிருந்து எடுத்து மாசக்கணக்காகிவிட்டது. வீட்டுக்குத் தெரியாது. தினமும் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டு, மனைவி கட்டிக் கொடுத்த சோளக்களியையும் கருவாட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புவான். அணைக்கட்டுப் பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்புவான். விறகுக்குப் போன பனா மலாமா அவனை அங்கே பார்த்துவிட்டாள். "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தாள். ஐரீனிடம் சொன்னால் அது வெளியே சொன்னதாகாது என்று நினைத்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தை அவள் தன் வீட்டுக்குள்ளேதான் வைத்திருந்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் நாற்காலி முறை அவளுடையது. உட்கார்ந்தாள். பிள்ளைகள் விரிப்புகளை விரித்தார்கள். மலாமா மேஜை கழுவிக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்புக் கோபுரத்தை ஒரு பையன் அடுக்கிக்கொண்டிருந்தான். லோம்பே என்றுதான் முதலில் நினைத்தாள், ஏனென்றால் முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட அந்தத் துணி அவளுக்குத் தெரியும். பையன் திரும்பினான். வேறு முகம். காலில் புதுத் தோல் செருப்பு. மார்பில் பெரிய கொண்டைக் கோழி.

அவள் பாதி எழுந்தாள். அறையின் அந்தப் பக்கத்திலிருந்து ஐரீன் விரலை உதட்டில் வைத்தாள்.

உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் வேலையில் இருந்தார்கள். விதி விதிதான், அவளே ஊருக்கெல்லாம் சொன்ன விதி. மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கண்ணால் தேடினாள். இல்லை. அவர்கள் ஏப்ரன்களும் தெரியாத உடம்புகளில் இருந்தன. லோம்பேயின் அப்பன் அறுத்த கட்டைகளை அந்தப் பையன் ஒன்றின் மேல் ஒன்றாக, சத்தமில்லாமல், கவனமாக வைத்தான். அவன் மேல் என்ன குற்றம்? காலை முடிகிற வரை அவள் கை மடியிலேயே இருந்தது. நகம் பதிந்து உள்ளங்கையில் ரத்தம் கட்டியிருந்ததைப் பிறகு எனக்குக் காட்டினாள்.

மணி அடித்ததும் ஐரீனை வராந்தாவில் பிடித்தாள்.

"லோம்பே எங்க?"

"மெதுவா பேசு."

"எங்க டீச்சர்?"

"அவங்களுக்குச் சிரமம் குடுக்க வேணாம்னு எடம் ரத்து பண்ணிட்டோம். எல்லா வீடும் குடுத்தாச்சுன்னு காட்டணும். குடுக்காத வீடு உள்ள இல்லேன்னா, உள்ள இருக்கற எல்லாரும் குடுத்தவங்கதானே?"

"சரிகட்டறேன்னீங்க!"

"இதுதான் வழி. நூறு பிள்ளைக்குக் கட்டடம் வருது பனா மலாமா, மூணப் பாக்காத. உன் பொண்ணு பங்க நானே போட்டுட்டேன். அவ எடம் பத்திரம்."

"அவ எடத்த நான் கேட்டனா?"

அங்கிருந்து நேரே பஷி லோம்பே வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று. அவன் வாசலில் நின்றான், பூட்ஸ் இல்லாமல். பள்ளியிலிருந்து அவன் மனைவியைக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்டுக்காரருக்கு வேலை போன விஷயம் தெரியும், உங்களைக் கஷ்டப்படுத்த விரும்பல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனுஷி உள்ளேயிருந்து கத்தினாள்: "தெனமும் சோறு கட்டிக் குடுத்தேனே! அணையில மீனுக்கா போட்ட?"

அவன் பனா மலாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "நீ சொன்னியா?"

நான் எத்தனையோ விசாரணையில் உட்கார்ந்தவன். அவள் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவள் சொன்னது, "சொன்னேன்."

அவன் கதவைச் சாத்தினான்.

சனிக்கிழமை அவள் பள்ளி வாசலில் நின்றாள். இன்று யாரும் உள்ளே போகாதீர்கள், மூன்று பிள்ளைகளும் திரும்ப வரும் வரை கை கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சரியான கோரிக்கை, சரியான ஆயுதம். ஆனால் ஆள் வேண்டுமே. பனா சம்பா சுண்ணாம்பு வாளியோடு வந்தாள்.

"வழிய விடு."

"நாளைக்கு உன் வீடு, பனா சம்பா."

"என் வீட்டு விஷயம் அவங்களுக்குத் தெரியாது. உங்கிட்ட சொல்லலியே நான்." வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

மற்றவர்களும் போனார்கள். பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் பயத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது: காட்டிக்கொடுத்தவள் பேச்சை எப்படிக் கேட்பது? வெயில் ஏறும் வரை வாசலில் அவளும் நானும் மட்டும்தான். உள்ளே ஜன்னல் துடைத்தவர்கள் எங்கள் பக்கக் கண்ணாடியை மட்டும் கடைசிக்கு வைத்தார்கள்.

திங்கட்கிழமை மகளைக் கூட்டிவரப் போனாள். மலாமா பச்சை விரிப்பில் உட்கார்ந்து கோபுரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா, போலாம்."

"இன்னும் முடியலம்மா."

அவள் அந்தக் குட்டை நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்து காத்திருந்தாள். மலாமா கடைசிக் கட்டை வரை வைத்தாள், பார்த்தாள், பிரித்தாள், ஒவ்வொன்றாக அலமாரிக்குக் கொண்டுபோனாள், விரிப்பைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். பனா மலாமா மீன் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அவள் தைத்ததுதான், எடுத்துக்கொள்ளவில்லை.

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்றாள் ஐரீன். "இவளுக்கு யாரும் ஒரு குறையும் வைக்கலியே."

"கை குடுக்கற வீட்டுப் பிள்ளைய வெளிய அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்க. நான் இனிமே கை குடுக்கல. உங்க வாக்கு தப்பல, டீச்சர்."

கட்டடம் எழும்பிவிட்டது. சின்யாமா பேர் கல்லில் இருக்கிறது. மலாமா இப்போது அரசுப் பள்ளியில், எள் விழ இடமில்லாத வகுப்பில். உட்கார்ந்த சாக்கை மணி அடித்ததும் சுருட்டி வைக்கிறாளாம், மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். மார்க்கெட் வாசலில் எங்கள் தெருக்காரர்கள் வாங்குவதை நிறுத்தியதால் பனா மலாமா அடுப்பை பஸ் நிலையத்துக்கு மாற்றினாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. வாயும் முன்போல் இல்லை.

போன மாசம் நான் அங்கே நின்றபோது பஷி லோம்பே வந்தான். இப்போது அங்கேதான் மூட்டை ஏற்றுகிறான். காசை நீட்டினான், இரண்டு வாங்கினான், நின்றபடியே தின்றான்.

"சக்கரை கம்மி."

"வெலையும் கம்மிதான்."

அவன் சிரிக்கவில்லை. அவள் சூடாக இன்னொன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "லோம்பேக்கு."

அவன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தான். பொட்டலம் தட்டோரத்தில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள், அவள் எண்ணெயிலிருந்து வேறு எடுத்துக் கொடுத்தாள். அடுப்பை அணைக்கிற வரை அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விற்கவில்லை.