வானம் என்று கேட்ட ‘வாங்க’

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலை. கண்டனூரில் எங்கள் பழைய வீட்டில் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், வாசலில் நுழைகிற ஒவ்வொருவரிடமும் பெண்ணின் அப்பா ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். கும்பிட்டால் போதாது. சிரித்தால் போதாது. வாய் திறந்து, ஆளாளுக்கு, தனித்தனியாக. ஒருவரை விட்டாலும் ‘என்னைய வாங்கன்னு கேக்கல’ என்று பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். மனைவி சொன்னால் அது அவள் சொன்னது. என் கணக்கில் சேராது.

எனக்கோ குரலே இல்லை.

அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது, நாக்கு இருந்தது, உதடு இருந்தது. ஒலி மட்டும் கிளம்பிப் போய்விட்டது. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று தந்தார்கள். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். கல்யாண வாசலில் சிலேட்டை நீட்ட முடியுமா?

மறுபரிசோதனைக்குப் போன மருத்துவமனையில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சிங்கம்புணரி பக்கத்து விவசாயக் குடும்பம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் ஆராய்ச்சி மாணவி. பள்ளியில் படித்தபோது டாக்டராக ஆசை, மார்க் வரவில்லை. “கிடைக்காததுக்கு ரெண்டு நாள் அழுதேன்யா. அப்புறம் கிடைச்சதுல விழுந்துட்டேன்” என்றாள். முதலில் இதயத் துடிப்பின் கோடுகளுக்குப் பின்னால் போயிருக்கிறாள். பிறகு செயற்கைக் கை. விரலை அசைக்க நினைத்தாலே சதையில் துளி மின்சாரம் ஓடுமாம். அதைப் பிடித்துக் கையை அசைப்பது. அப்படித் திரிந்தவள் ஒருநாள், என்னைப் போலவே குரல் போன ஒருவரை வார்டில் பார்த்திருக்கிறாள். அவர் உதடு ஓயாமல் அசைகிறது. மனைவி குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் புரியாமல் அழுகிறாள். அத்தோடு செயற்கைக் கையை விட்டுவிட்டாளாம்.

“கன்னத்துச் சதை பேசிக்கிட்டுத்தான்யா இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல.”

அந்த ஒரு வரிக்கே நான் விழுந்தேன்.

கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் பொட்டுப் போலச் சின்ன வில்லைகளை ஒட்டுவாள். அவற்றிலிருந்து மெல்லிய வயர்கள் தீப்பெட்டியளவு கருவிக்குப் போகும். நான் சத்தமில்லாமல் உதட்டை அசைக்க, சட்டைப் பையில் இருக்கும் ஒலிபெருக்கி அந்தச் சொல்லைச் சொல்லும். குரல் அவள் அண்ணனுடையது. ஊரில் டிராக்டர் ஓட்டுகிறார். “கூப்பிட்டதும் வந்து நாள்பூராப் பேசிக் குடுக்க வேற யாருய்யா இருக்கா?” என்று சிரித்தாள்.

ஒரே நிபந்தனை. ஒவ்வொரு சொல்லையும் முப்பது தடவை அசைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்காத சொல்லை அசைத்தால், தனக்குத் தெரிந்தவற்றில் கிட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடும். “வீட்டுல பேசுறதச் சொல்லுங்கய்யா” என்றாள். நான் கேட்டேனா? நாலு வரி எழுதுகிறவன் என்ற திமிர். திரும்பி வருகிற குரல் அழகான சொற்களோடு வரட்டுமே! நிலவு, நதி, வானம், பனித்துளி. கல்யாணத்துக்கு என்று ‘வருக’.

“யாருய்யா வீட்டுல வருகங்கறா? அது மாநாட்டு வளைவுல எழுதுறது.”

‘இதுவே போதும்’ என்று சிலேட்டில் எழுதினேன். அடிக்கோடு வேறு.

கல்யாணத்தன்று முதலில் வந்தவர் நெற்குப்பையில் இருக்கும் என் பெரியப்பா மகள். அக்காவை நாங்கள் ஆச்சி என்போம். அவரைக் கண்டதும் என் வாய் ஐம்பது வருடப் பழக்கத்தில் ‘வாங்க’ என்று அசைந்தது. சட்டைப் பை கணீரென்று சொன்னது: “வானம்.”

ஆச்சி அண்ணாந்து பார்த்தார். “வானத்துக்கு என்னப்பா? நல்லாத்தானே இருக்கு?”

அடுத்து வந்தவருக்கும் வானம். அதற்கடுத்தவருக்கும் வானம். “மழை வருதாம்ல” என்று யாரோ சமையல்காரரிடம் சொல்ல, அவர் விறகை உள்ளே அள்ளிக்கொண்டு ஓடினார். மல்லுக்கட்டி ஒரே ஒரு தடவை ‘வருக’ சொன்னேன். மாமா ஒருவர் “என்ன மாப்பிள்ளை, மாநாடா?” என்றார். மனிதரைக் கண்டால் என் வாய்க்கு ‘வாங்க’தான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வர அரை மணி நேரம்கூட இல்லை. சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

கருவியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அந்த ஆராய்ச்சிப் பெண் என் கையைப் பிடித்தாள். “அங்குட்டு நிக்காதீக, இங்குட்டு வாங்க.”

முற்றம் தாண்டி, வீட்டின் இரண்டாம் கட்டில் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே உட்கார வைத்து, “இப்பச் சொல்லுங்கய்யா, முப்பது ‘வாங்க’” என்றாள். அசைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ண, வாழைக்காயும் கையுமாக ஒருத்தி, “யாரண்ணே இம்புட்டுத் தடவ கூப்பிடுறீக? நாங்கதான் விடியமுன்னயே வந்துட்டோம்ல!” என்றாள். கட்டே குலுங்கியது. நானும் சிரித்ததில் இரண்டு ‘வாங்க’ கெட்டுப்போய், திரும்ப அசைக்க வேண்டியதாயிற்று.

வாசலில் மேளம் கேட்டது. ஓடிப்போய் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா படியேறினார். அசைத்தேன்.

“வாங்க.”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து ஒரு சொல் நேராக ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. அன்று எத்தனை பேருக்குச் சொன்னேனோ! வந்த பூனைக்கும் சொன்னேன். வானம் வாங்கிய ஆச்சியைத் தேடிப் போய் இன்னொரு முறை சொன்னேன்.

மதியம் தங்கையைக் கூட்டிப் போக அந்த அண்ணன் வந்தார். தூசி படிந்த சட்டை. கல்யாண வீட்டுக்குள் நுழையத் தயங்கி வாசலோரம் நின்றார். நேரே போய் அவர் முகத்தைப் பார்த்து அசைத்தேன். அவர் குரலே அவரிடம் “வாங்க” என்றது. அவர் கை தானாகத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு வெடித்துச் சிரித்தார்.

“நானே கூப்பிடுறேன், வராம இருப்பனா?” என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பந்திக்குப் போனார்.

அவளுடைய ஆராய்ச்சி இன்னும் ஓடுகிறது. புதிதாக யார் வந்தாலும் முதல் சொல்லாக ‘வாங்க’ என்பதைத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறாளாம். இன்றும் வாசலில் ஒரு நிழல் விழுந்தால் என் கன்னத்துச் சதை எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது. அந்தச் சொல் என்னுடையதா, அவளுடையதா, டிராக்டர் ஓட்டுகிற அவள் அண்ணனுடையதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.