ஐந்தாவது எலுமிச்சம்பழம்

ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடியிருக்கும் புறநகரான ட்ருகனினாவிலிருந்து கிளம்பிய காலையில் காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தேன். அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. என் கணவரே இறங்கி வந்து குனிந்து பார்த்து, "பின்சக்கரத்துல கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வை, வண்டி கோணலாப் போயிடப்போகுது" என்று கிண்டலடித்துவிட்டுத்தான் ஏறினார். வண்டி நகர்ந்தது, பழங்கள் நசுங்கின. எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று கையசைத்தார். அவருக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

ஒளிவுமறைவெல்லாம் ஐந்தாவது பழத்தில். அது எங்கள் நான்கு வயது மகளின் சிவப்பு ஜாக்கெட்டில், உள்பக்கப் பையில், ஒரு காலுறைக்குள் இருந்தது.

பயணம் என் கணவரின் யோசனை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் என்று ஒன்று இருக்கிறது. பாலைவனத்துக்குள் சிவப்பாக நீண்டு கிடக்கும் மலைகள். அந்த வழியெல்லாம் ஒரு காலத்தில் ரயிலுக்காகவும் சுரங்கத்துக்காகவும் எழுந்து, பிறகு மழையும் வேலையும் இல்லாமல் காலியான ஊர்கள். "ஒரு வாரம் ஆளே இல்லாத ஊரா பாத்துட்டு வருவோம், எவ்ளோ அமைதியா இருக்கும்!" என்றார். ஆள் இருக்கும் ஊர்களிலேயே எனக்கு அமைதி கிடையாது. உட்கார்ந்து பட்டியல் போட்டேன்: பாம்பு, கங்காரு, டயர், குடிதண்ணீர், காய்ச்சல் மருந்து, போன் சிக்னல். குளிர்காலத்தில் பாம்பு தூங்கும் என்றார் அவர். சில சமயம் எழுந்துகொள்ளும் என்று நான் படித்திருந்தேன்.

பட்டியலில் எழுதாத ஒன்று இருந்தது. கூரையில்லாத, யாரோ வாழ்ந்து விட்டுப்போன வீடுகளுக்குள் சின்னக் குழந்தையை வெறும் கையோடு அழைத்துப் போவதா? நான் மருந்தாளுநர். ஆதாரமில்லாத எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிறவள். இப்படிச் செய் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் சமையலறையில் ஐந்தாவது பழம் மீந்து கிடந்தது. ஜாக்கெட்டில் பை இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையில் பழ ஈ வராமல் தடுக்கச் சோதனைச்சாவடி வைத்திருக்கிறார்கள். பழமோ காயோ எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த விஷயம் சமயத்தில் நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் நாள் காலை, மில்டுரா நகரைத் தாண்டியதும் முதல் அறிவிப்புப் பலகையைப் பார்த்தபோதுதான் வந்தது.

என் கணவருக்கோ அன்று கடமையுணர்ச்சி பொங்கியது. குடியுரிமைத் தேர்வு எழுதி முடித்து, உறுதிமொழி விழாவுக்கான கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம். சிவப்பு விளக்கைக் கண்டால் மூன்று கார் தூரம் முன்பே நிறுத்திக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த மாண்டரின் பழங்களை எல்லை வருவதற்குள் தின்று தீர்க்கவேண்டும் என்று எங்களுக்குப் பங்கு பிரித்தார். சாவடியில் தாமாகவே ஐஸ்பெட்டியைத் திறந்து இரண்டு தக்காளியையும் ஒரு பிடி பச்சை மிளகாயையும் அங்கிருந்த பெண் அதிகாரியிடம் ஒப்படைத்தார். பிறகு ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, இதிலும் எலுமிச்சை இருக்கிறது, பரவாயில்லையா என்று அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். அந்த அம்மாள் ஓரடி பின்வாங்கி, அதில் எந்த ஈயும் பிழைக்காது என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அதிகாரி ஜன்னல் வழியாகக் குனிந்து மகளின் ஜாக்கெட் அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டார். நன்றி என்று மட்டும் சொன்னேன். அவர் கொடுத்த துண்டுச்சீட்டில் அபராதம் பற்றியும், தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. மகளைப் பார்த்துக்கொள்ளும் பொருளே எங்களைக் கம்பி எண்ண வைக்கும் என்று தோன்றியது. பொய்த் தகவல், குடியுரிமை மறுப்பு, நாடு கடத்தல் என்று அடுத்த நூறு கிலோமீட்டரும் நான் தனியாக ஒரு பயணம் போனேன்.

முதல் நிறுத்தம் ஹாக்கர் என்ற சிற்றூருக்குப் போகும் வழியில், ஒரு பழைய ஆட்டுப்பண்ணையின் இடிபாடுகள். கல்சுவர்கள், கூரைக்குப் பதிலாக வானம். கணவர் படம் எடுக்க முன்னால் போனார். நான் மகளை அணைப்பதுபோல் பழத்தை உருவி, அணைந்துபோன ஒரு கணப்பின் மாடத்தில் வைத்துவிட்டு நடந்தேன். பத்தடி போயிருப்போம்.

"அம்மா! யூ ஃபர்காட் மை லெமன்!"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஓடிப்போய் எடுத்து வந்து பத்திரமாக உள்பையில் போட்டுக்கொண்டாள். "தூங்கறப்போ அது என்னை இடிக்குது" என்று புகார் வேறு. அப்பாவிடம் சொல்லாதே என்றேன். ஏன் என்றாள். சர்ப்ரைஸ் என்றேன். அந்தப் பொய்க்காகவும் கொஞ்சம் வருந்தினேன்.

அடுத்தது ஒரு மலைக்காட்சி முனை. ஊதாவும் சிவப்புமாக மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், நான் புதைக்க மண் இளகலாக இருக்கும் இடத்தைப் பார்த்தேன். செருப்பு நுனியால் ஒரு குழி பறித்தும்விட்டேன். அதற்குள் என் கற்பனையில் பழத்துக்குள் நிஜமாகவே ஒரு புழு இருந்து, அது ஈயாகி, எல்லையை ஒட்டிய ரிவர்லேண்டின் பழத்தோட்டங்கள் முழுக்கப் பாழாகி, எல்லாத் தொலைக்காட்சியிலும் சிவப்பு ஜாக்கெட்டைக் காட்டினார்கள். குழியை மூடினேன். கேரவனில் வந்திருந்த ஒரு வயதான தம்பதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையாவது தொலைத்துவிட்டாயா என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை, தொலைக்க முடியவில்லை என்று வாய்வரை வந்தது. காதணி என்றேன். இருவரும் இறங்கி வந்து கால்மணி நேரம் என்னோடு காதணி தேடினார்கள்.

மறுநாள் போன ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒரு தெரு, பூட்டிய பள்ளிக்கூடம், தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம். அவற்றின் நடுவே ஒரு பொதுத்தொலைபேசிக் கூண்டு மட்டும் புத்தம்புதிதாக நின்றது. நான் அதையே வெறித்துக்கொண்டிருந்தபோது, ரயில் நிலைய மேடையில் மஞ்சளாக ஏதோ உருண்டு வந்து என் கணவரின் காலில் முட்டி நின்றது. மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அவர் குனிந்து எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னுமா இத வச்சிருக்க?"

"இன்னுமாவா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மில்டுராலயே. ஜாக்கெட்ட மாட்டிவிட்டது யாரு?"

"தெரிஞ்சே அந்தம்மாகிட்ட அவ்வளவுதான்னு சொன்னீங்களா?"

"பின்ன? குழந்தைக்குன்னு நீ வச்சத நான் எப்படி எடுத்துப் போடுறது? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வாழ்க்கை பூரா நீ சொல்லிக் காட்டுவியே! ஊறுகாய ஏன் அந்தம்மா மூஞ்சில நீட்டினேன்னு நெனச்ச? அவங்க பார்வை ஜாக்கெட் பக்கம் போகக்கூடாதுன்னுதான்."

கிளம்பும்போது சக்கரத்தடியில் குனிந்து சிரித்த மனிதர் இவர். இரண்டு நாளாக ஒரே பயத்தை முன்சீட்டில் ஆளுக்குப் பாதியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல் சுமந்து வந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. ஆனாலும் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். "ஏய், விழா முடியட்டும்டி!" என்று பின்னாலேயே வந்தார். எண்ணை அழுத்திவிட்டேன்.

எடுத்தது ஒரு பெண் குரல். கேட்பதற்கு முன்பே என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெயர் வேண்டாம், பழம் எங்கே வாங்கியது, புழு தெரிகிறதா என்று மட்டும் கேட்டார் அந்தப் பெண். கடையில் வாங்கியது, தெரியவில்லை என்றேன். இரண்டு பைகளில் போட்டு இறுகக் கட்டி, யார் கையும் படாமல், மூடிபோட்ட குப்பைத்தொட்டியில் போடச் சொன்னார். அழைத்ததற்கு நன்றியும் சொன்னார்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். "யார் கையும் படாம எறிஞ்சிடணுமாம்."

"அதத்தான நம்மூர்லயும் சொல்லுவாங்க" என்றார் என் கணவர்.

இருவரும் ஒரே நேரத்தில் மகளைப் பார்த்தோம். அவளை மேடையில் கிழக்குப் பார்த்து நிறுத்தி, தலையைச் சுற்றி மூன்று முறை பழத்தைச் சுற்றினேன். அவளும் கூடவே சுற்றியதால் கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று. அடுத்து அவள் அப்பா. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பார்க்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? "சீக்கிரம்" என்று தலையைக் குனிந்தார்.

பிறகு பழத்தை என் கையிலிருந்து வாங்கி எனக்குச் சுற்ற ஆரம்பித்தார்.

"எதிர்ப்பக்கமா சுத்துறீங்க."

"தென்னரைக்கோளத்துல இப்படித்தான்" என்றார். மூன்று முடிந்தும் நிறுத்தவில்லை. விழாக் கடிதம் சீக்கிரம் வரட்டும் என்று நான்காவதாக ஒரு சுற்று சுற்றி, இரண்டு பைகளில் கட்டி, ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டார். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை போய் அழுத்திவிட்டு வந்தவர் அவர்.